விநாடிக்கு 6,000 கோடி அதிர்வுகள்: ஜகதீஷ் சந்திர போஸ் அளந்த காலம்

கொல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் குளியலறையை ஒட்டி இருந்த 24 சதுர அடி இடமே அந்த ஆய்வுக்கூடம். கருவிகளைச் செய்து கொடுத்தவர் ஒரு தகரக் கொல்லர். அங்கிருந்து 1890-களின் நடுவில் புறப்பட்ட மின்காந்த அலைகள் ஒரு விநாடிக்கு 6,000 கோடி முறை வரை அதிர்ந்தன. அன்றைய உலகில் மிகச் சில ஆய்வுக்கூடங்களே நெருங்கியிருந்த எல்லை அது.

அந்த அலைகளை உண்டாக்கிய ஜகதீஷ் சந்திர போஸ், பிற்காலத்தில் தாவர ஆய்வின் பக்கம் திரும்பினார். அவர் இயற்பியலைக் கைவிட்டுவிட்டார் என்று பலர் கருதினர். ஆனால், ஒரு நிகழ்வு எவ்வளவு நேரத்தில் நடந்து முடிகிறது, ஒரு விநாடியில் எத்தனை முறை நிகழ்கிறது என்ற கேள்வியை அவர் கடைசிவரை விடவில்லை. வானொலி அலையிலும் தொட்டாற்சிணுங்கி இலையிலும் அவர் அளந்தது காலத்தின் நுண்ணிய கூறுகளைத்தான்.

தாய்மொழிப் பள்ளியில் தொடக்கம்

போஸ் 1858-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் தேதி, அன்றைய வங்காள மாகாணத்தைச் சேர்ந்த மைமன்சிங்கில் பிறந்தார். அந்த ஊர் இன்று வங்கதேசத்தில் உள்ளது. தந்தை பகவான் சந்திர போஸ் அரசு அதிகாரி. பிரம்ம சமாஜத்தில் ஈடுபாடு கொண்டவர்.

வசதி படைத்த குடும்பங்கள் ஆங்கிலப் பள்ளிகளை நாடிய அக்காலத்தில், பகவான் சந்திரர் தம் மகனை வங்காள மொழிப் பள்ளியில் சேர்த்தார். ஆங்கிலம் கற்கும் முன் தாய்மொழியையும் தம் மக்களையும் அறிய வேண்டும் என்பது அவரது கொள்கை. தந்தையின் முஸ்லிம் உதவியாளரின் மகனும், மீனவர் ஒருவரின் மகனும் வகுப்பில் போஸின் அருகில் அமர்ந்தனர். அவர்கள் சொன்ன நீர்வாழ் உயிரினங்களின் கதைகளே இயற்கையின் மீது தமக்கு ஆர்வத்தை ஊட்டியதாகப் போஸ் பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

1869-ல் கொல்கத்தாவுக்கு வந்த அவர், ஹேர் பள்ளியிலும் புனித சேவியர் பள்ளியிலும் பயின்றார். பின்னர் புனித சேவியர் கல்லூரியில், செய்முறை விளக்கங்களோடு பாடம் நடத்துவதில் புகழ்பெற்ற லாஃபோன் பாதிரியாரிடம் இயற்பியல் கற்றார். 1880-ல் மருத்துவம் படிக்க லண்டன் சென்றபோது, இடைவிடாத காய்ச்சலும் பிணக்கூறாய்வு அறையின் நெடியும் அவரது உடலை வாட்டின. ஓராண்டோடு மருத்துவத்தை விட்டுவிட்டு, 1882-ல் கேம்பிரிட்ஜ் கிறைஸ்ட் கல்லூரியில் இயற்கை அறிவியல் பிரிவில் சேர்ந்தார். அங்கே அவருக்குக் கற்பித்தவர்களில் ஒருவர் ஒலி, ஒளி அலைகளை ஆராய்ந்த ராலே பிரபு.

ஊதியம் பெறாத 3 ஆண்டுகள்

1885-ல் நாடு திரும்பிய போஸ், பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். துல்லியமான அறிவியல் துறைகளைக் கற்பிக்க இந்தியர்கள் தகுதியற்றவர்கள் என்ற எண்ணம் கல்வித் துறை அதிகாரிகளிடம் வேரூன்றியிருந்தது. ஒரே பணியைச் செய்த ஐரோப்பியருக்குக் கிடைத்த ஊதியத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் இந்தியருக்கு. தற்காலிகப் பணி என்பதால் போஸுக்கு அதிலும் பாதி. அதாவது மூன்றில் ஒரு பங்கு.

போஸ் பாடம் நடத்தினார். ஊதியத்தை மட்டும் வாங்க மறுத்தார். இந்த மௌனப் போராட்டம் 3 ஆண்டுகள் நீடித்தது. தந்தையின் தொழில் முயற்சிகள் தோல்வியுற்றுக் குடும்பம் கடனில் மூழ்கியிருந்த காலம் அது.

இதற்கிடையே 1887-ல் அபலா தேவியை மணந்தார். கொல்கத்தாவில் பெண்களுக்கு மருத்துவக் கல்வி மறுக்கப்பட்டதால், சென்னை மருத்துவக் கல்லூரிக்கு வந்து பயின்றவர் அபலா. உடல்நலக் குறைவால் படிப்பை முடிக்க இயலவில்லை. பின்னாளில் பெண் கல்விக்காகவும் கைம்பெண்களின் மறுவாழ்வுக்காகவும் பாடுபட்ட அவர், ஊதியமற்ற அந்த ஆண்டுகளின் நெருக்கடியில் கணவருக்குத் துணைநின்றார்.

இறுதியில் நிர்வாகம் பணிந்தது. போஸின் பணி நிரந்தரமாக்கப்பட்டது. முதல் நாளிலிருந்து கணக்கிட்டு முழு ஊதியமும் ஒரே தவணையில் வழங்கப்பட்டது. அந்தத் தொகை தந்தையின் கடனை அடைக்க உதவியது.

அதிர்வெண்ணும் அலைநீளமும்

1894-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் தேதி போஸுக்கு 36 வயது நிறைந்தது. இனி ஆராய்ச்சியே தமது வழி என்று அன்று அவர் உறுதி பூண்டார். மின்காந்த அலைகள் உண்மையில் உள்ளன என்று செய்முறையால் நிறுவிய ஜெர்மானிய இயற்பியலாளர் ஹென்ரிச் ஹெர்ட்ஸ் அதே ஆண்டின் முதல் நாளில் மறைந்திருந்தார். அவருக்கும் வயது 36.

ஓர் அலை ஒரு விநாடியில் எத்தனை முறை அதிர்கிறது என்பதே அதன் அதிர்வெண். ஓர் அதிர்வுக்கு ஆகும் நேரம் அலைவு நேரம். ஒரு விநாடியை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைவு நேரம் கிடைக்கும். முன்னும் பின்னும் சென்றுவர 2 விநாடி எடுக்கும் ஊஞ்சலின் அதிர்வெண் அரை ஹெர்ட்ஸ். நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 முறை அலைகிறது; எனவே ஓர் அலைவுக்கு 0.02 விநாடி, அதாவது 20 மில்லி விநாடி ஆகிறது.

அதிர்வெண் உயர உயர நேரத்தின் அலகும் சிறுத்துக்கொண்டே போகும். ஒரு விநாடியில் ஆயிரம் மில்லி விநாடிகள். ஒரு மில்லி விநாடியில் ஆயிரம் மைக்ரோ விநாடிகள். அதில் ஒன்றை ஆயிரமாகப் பகுத்தால் நானோ விநாடி. அதையும் ஆயிரமாகப் பகுத்தால் பிக்கோ விநாடி. 100 மெகா ஹெர்ட்ஸ் பண்பலை வானொலியின் அலை ஒருமுறை அதிர 10 நானோ விநாடி போதும். மின்காந்த அலைகள் விநாடிக்கு ஏறத்தாழ 30 கோடி மீட்டர் வேகத்தில் செல்பவை. ஆகவே அந்த 10 நானோ விநாடியில் அலை 3 மீட்டர் தூரம் கடந்துவிடும். அதுவே அதன் அலைநீளம்.

சிறிய அறைக்கேற்ற சிறிய அலை

ஹெர்ட்ஸ் தமது புகழ்பெற்ற சோதனைகளில் ஏறத்தாழ 66 சென்டிமீட்டர் நீள அலைகளைப் பயன்படுத்தினார். விநாடிக்குச் சுமார் 45 கோடி அதிர்வுகள். ஓர் அதிர்வுக்கு 2 நானோ விநாடிக்குச் சற்று அதிகம். ஒளியைப் போலவே இந்த அலைகளும் வளைகின்றன, திரும்புகின்றன என்று காட்ட, அலைநீளத்தைவிடப் பெரிய கருவிகள் தேவைப்பட்டன. ஒன்றரை மீட்டர் உயரமும் 600 கிலோவுக்கு மேல் எடையும் கொண்ட கீல் முப்பட்டகத்தை ஹெர்ட்ஸ் செய்ய வேண்டியிருந்தது.

24 சதுர அடி இடத்தில் அதற்கெல்லாம் வழியில்லை. போஸ் அலையையே சுருக்கினார். சிறிய உலோக உருண்டைகளுக்கிடையே தீப்பொறியை எழுப்பி, 2.5 சென்டிமீட்டர் முதல் 5 மில்லிமீட்டர் வரையிலான அலைகளை உண்டாக்கினார். இன்றைய கணக்கில் 12 முதல் 60 கிகா ஹெர்ட்ஸ். 5 மில்லிமீட்டர் அலை ஒருமுறை அதிர 17 பிக்கோ விநாடிகூட ஆவதில்லை.

அவ்வளவு குறுகிய நேரத்தை நேரடியாகக் காட்டும் கடிகாரம் அன்று எங்கும் இல்லை. எனவே போஸ் நீளத்தை அளந்தார். சம இடைவெளியில் உலோகப் பட்டைகள் பொருத்திய கீற்றணியில் அலையைச் செலுத்தி, அது விலகும் கோணத்திலிருந்து அலைநீளத்தைக் கணக்கிட்டார். வேகம் தெரியும், நீளமும் தெரியும் என்றால் அதிர்வெண் தானே கிடைத்துவிடும். இந்த ஆய்வுக்காகவே லண்டன் பல்கலைக்கழகம் 1896-ல் அவருக்கு அறிவியல் முனைவர் பட்டம் வழங்கியது.

கருவிகள் சுருங்கியதால் மேசையின் மீதே ஆய்வுக்கூடம் அடங்கிவிட்டது. அலையை வழிநடத்தும் உலோகக் குழாய், அதைத் திரட்டும் கூம்பு ஆகியவற்றை அவர் அங்கேயே வடிவமைத்தார். அலையின் அதிர்வுத் திசையை ஆராய, பிராட்ஷா ரயில்வே கால அட்டவணைப் புத்தகத்தின் பக்கங்களுக்கிடையே வெள்ளீயத் தாளைச் செருகிப் பயன்படுத்தினார். முறுக்கிய சணல் இழைகளைக் கொண்டு, சில கரைசல்கள் ஒளியின் அதிர்வுத் திசையை ஏன் திருப்புகின்றன என்பதற்கு மாதிரி காட்டினார். வங்காளத்தின் வயல்களில் விளைந்த சணல் அப்படித்தான் இயற்பியல் கருவியாயிற்று.

சுவரைக் கடந்து ஒலித்த மணி

1895-ல் கொல்கத்தாவில் நடந்த பொதுச் சொற்பொழிவில், கம்பி இணைப்பு ஏதுமின்றி மின்காந்த அலைகளை 75 அடி தூரம் அனுப்பினார். இடையில் 3 சுவர்கள். போதாக்குறைக்கு, தலைமை வகித்த வங்காள லெப்டினன்ட் கவர்னரும் அலையின் வழியில் அமர்ந்திருந்தார். அனைத்தையும் கடந்து சென்ற அலை, மறுமுனையில் மணியை ஒலிக்கச் செய்தது, கைத்துப்பாக்கியை இயக்கியது, சிறிய வெடியையும் வெடிக்க வைத்தது.

அடுத்த ஆண்டு லிவர்பூலில் பிரிட்டிஷ் அறிவியல் சங்கக் கூட்டத்தில் போஸ் இக்கருவிகளை இயக்கிக் காட்டியபோது, முதுபெரும் இயற்பியலாளர் கெல்வின் பிரபு நேரில் பாராட்டினார். 1897 ஜனவரியில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனின் புகழ்பெற்ற வெள்ளிக்கிழமைச் சொற்பொழிவு மேடையும் அவருக்குக் கிடைத்தது.

காப்புரிமையை மறுத்தவர்

அக்காலத்தில் மார்க்கோனி கம்பியில்லாத் தந்தியை வணிகமாக வளர்த்துக்கொண்டிருந்தார். நெடுந்தூரம் செல்ல அவருக்கு நூற்றுக்கணக்கான மீட்டர் நீள அலைகள் பயன்பட்டன. போஸின் மில்லிமீட்டர் அலைகளோ நெடுந்தூரத் தந்திக்கு ஏற்றவையல்ல. அவர் நாடியதும் அலையின் இயல்பைத்தான். ஆனால் அவர் 1899-ல் ராயல் சொசைட்டியில் விவரித்த பாதரச உணர்கருவியின் வகையைச் சேர்ந்த ஒன்று, 1901 டிசம்பரில் மார்க்கோனி அட்லாண்டிக் கடலைத் தாண்டி வந்த குறிப்பலையைப் பெற்றபோது பயன்பட்டது. அதற்குரிய பெருமை போஸுக்கு அன்று கிடைக்கவில்லை.

கண்டுபிடிப்புகளை விற்றுப் பொருளீட்டுவதில் அவருக்கு உடன்பாடு இல்லை. 1901-ல் லண்டனில் தந்தி நிறுவன அதிபர் ஒருவர் லாபத்தில் பங்கு தருவதாகச் சொல்லி அணுகியபோது மறுத்துவிட்டார். இதை நண்பர் ரவீந்திரநாத் தாகூருக்குக் கடிதத்தில் தெரிவித்தார். சகோதரி நிவேதிதாவும் அமெரிக்கத் தோழி சாரா புல்லும் வற்புறுத்திய பிறகே, கலீனா என்னும் ஈயத் தாதுப் படிகத்தைக் கொண்டு தாம் செய்த உணர்கருவிக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற இசைந்தார். 1904-ல் வழங்கப்பட்ட அந்த உரிமத்திலிருந்தும் அவர் பொருளீட்டவில்லை. குறைக்கடத்திக் கருவிகளின் வரலாறு இன்று அந்த ஆவணத்தை முதல் வரிசையில் வைக்கிறது.

களைத்துப்போன கருவி

அலைகளை உணரும் கருவியைத் தொடர்ந்து இயக்கினால் அதன் திறன் குறைவதையும், சிறிது ஓய்வு கொடுத்தால் மீள்வதையும் போஸ் கவனித்தார். தசை களைப்பதும் தேறுவதும் அவர் நினைவுக்கு வந்தன. உலோகம், தாவரம், விலங்கு மூன்றும் தூண்டலுக்கு எவ்வாறு எதிர்வினை புரிகின்றன என்று ஒப்பிடத் தொடங்கினார்.

1901 ஜூன் மாதம் ராயல் சொசைட்டியில் இதை அவர் விளக்கியபோது, மூத்த உடலியலாளர் பர்டன் சாண்டர்சன் கடுமையாக எதிர்த்தார். இயற்பியலாளர் ஒருவர் உடலியல் துறைக்குள் நுழைவது அங்கே விரும்பப்படவில்லை. கட்டுரை அச்சாகாமல் கிடப்பில் போடப்பட்டது. புகழின் உச்சியில் இருந்த 42 வயதில், அறிமுகமற்ற துறையில் எதிர்ப்பாளர்களோடு புதிதாகத் தொடங்கவேண்டிய நிலை. போஸ் பின்வாங்கவில்லை. தம் முடிவுகளை நூல்களாக வெளியிட்டார். ஐயுறுவோரை நம்பவைக்கும் துல்லியத்தைக் கருவிகளில் தேடினார்.

புள்ளிகளால் அளந்த விநாடி

தொட்டாற்சிணுங்கியின் இலையைத் தொட்டதற்கும் அது அசையத் தொடங்குவதற்கும் இடையே மிகச் சிறிய இடைவெளி உண்டு. அதை அளப்பதில் இரண்டு தடைகள் இருந்தன. கடிகாரத்தின் விநாடி முள் அதற்குப் போதாது. எழுதுகோல் போன்ற நெம்புகோலை இலையோடு இணைத்தால், புகைபடிந்த கண்ணாடித் தகட்டில் அது உரசும்போது இலையின் மெல்லிய அசைவே நின்றுவிடும்.

ஒத்ததிர்வுப் பதிவி என்ற கருவியால் இரண்டு தடைகளையும் போஸ் ஒருசேரக் கடந்தார். எழுதும் மெல்லிய எஃகுக் கம்பி, மின்காந்தத்தால் இயங்கும் அதிர்வியோடு ஒரே அதிர்வெண்ணில் துடிக்குமாறு சுருதி சேர்க்கப்பட்டது. கம்பி தகட்டைத் தொட்டுத் தொட்டு விலகியதால் கோட்டுக்குப் பதில் புள்ளிகள் விழுந்தன. உராய்வு ஏறத்தாழ ஒழிந்தது.

புள்ளிகளே கடிகாரமும் ஆயின. எடுத்துக்காட்டாக, கம்பி விநாடிக்கு 100 முறை துடித்தால் அடுத்தடுத்த இரு புள்ளிகளுக்கு இடைவெளி 10 மில்லி விநாடி. இலை அசையும் முன் 7 புள்ளிகளின் இடைவெளி கடந்திருந்தால் 70 மில்லி விநாடி கழிந்தது என்று பொருள். அதிர்வெண் தெரிந்தால் நேரம் தெரியும் என்ற அதே கணக்குதான். இலையின் தாமதத்தை விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு இக்கருவி பதிவு செய்தது.

தொழுகண்ணிச் செடியின் சிற்றிலைகள் யாரும் தொடாமலேயே மேலும் கீழும் ஆடுபவை. ஓர் ஆட்டத்துக்குச் சில நிமிடங்கள் ஆகும். 3 நிமிடம் என்று கொண்டால் 180 விநாடிக்கு ஒரு முறை, அதிர்வெண் 0.0056 ஹெர்ட்ஸ். விநாடிக்கு 6,000 கோடி முறை அதிரும் அலையை ஆராய்ந்தவர், 180 விநாடிக்கு ஒருமுறை ஆடும் இலையையும் அதே பொறுமையோடு பதிவு செய்தார்.

ஒளியலையின் பாதி நீளம்

அடுத்து வந்தது வளர்ச்சிமானி என்னும் கிரெஸ்கோகிராஃப். செடி சராசரியாக ஒரு விநாடிக்கு அங்குலத்தின் ஒரு லட்சத்தில் ஒரு பங்கு வளர்வதாகப் போஸ் கணித்தார். மஞ்சள் நிறச் சோடிய விளக்கொளியின் அலைநீளத்தில் பாதிகூட இல்லாத அளவு இது. ஒரு நாளின் 86,400 விநாடிகளால் பெருக்கினால் 0.86 அங்குலம், அதாவது 2 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம் வரும்.

நாள் கணக்கில் காத்திருந்தால் வெயிலும் ஈரப்பதமும் மாறி, எந்தக் காரணத்தால் வளர்ச்சி கூடியது அல்லது குறைந்தது என்று சொல்ல இயலாமல் போகும். வளர்ச்சியை 10,000 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் இரட்டை நெம்புகோல் அமைப்பால், ஒரு விநாடி வளர்ச்சியே தகட்டில் அங்குலத்தின் பத்தில் ஒரு பங்காகத் தெரிந்தது. உரமோ நஞ்சோ தரும் விளைவைச் சில நிமிடங்களில் அறிய முடிந்தது. பின்னர் வந்த காந்த வளர்ச்சிமானி, அசைவை ஒரு கோடி மடங்கு வரை பெரிதாக்கியது. லண்டனில் சிலர் ஐயம் எழுப்பியபோது, அறிவியலாளர்கள் முன்னிலையில் போஸ் அதை இயக்கிக் காட்டினார். 1920-ல் ராயல் சொசைட்டி அவரைத் தன் உறுப்பினராக்கியது.

உலோகத்துக்கும் உயிருக்கும் எல்லைக்கோடு இல்லை என்பது போன்ற அவரது முடிவுகளை இன்றைய அறிவியல் ஏற்கவில்லை. தாவரங்களில் தூண்டல் மின் குறிப்புகளாகப் பரவுகிறது என்ற அடிப்படைக் கருத்து நிலைபெற்றுவிட்டது.

நாட்டுக்கு அளித்த ஆய்வுக்கூடம்

1915-ல் கல்லூரிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற போஸ், தம் சேமிப்பையும் நன்கொடைகளையும் கொண்டு கொல்கத்தாவில் போஸ் நிறுவனத்தை எழுப்பினார். தமது 59-வது பிறந்தநாளான 1917 நவம்பர் 30-ல் அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். நல்ல ஆய்வுக்கூடம் இல்லாமல் தாம் பட்ட பாடு அடுத்த தலைமுறைக்கு வரக்கூடாது என்பது அவரது விருப்பம். அவரிடம் பயின்ற மாணவர்களில் சத்யேந்திரநாத் போஸும் மேகநாத் சாகாவும் பின்னாளில் உலக அறிவியலில் தனி இடம் பெற்றனர்.

ஜகதீஷ் சந்திர போஸ் 1937-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் தேதி கிரிடியில் காலமானார். 79-வது பிறந்தநாளுக்கு அப்போது ஒரு வாரமே இருந்தது.

காலம் தந்த பதில்

போஸ் ஆராய்ந்த அலைவரிசை நெடுங்காலம் பெரும் வணிகப் பயன்பாடு இல்லாமலேயே இருந்தது. இன்று நிலைமை வேறு. இந்தியாவில் 2022-ல் 5ஜி சேவைக்காக ஏலம் விடப்பட்ட 26 கிகா ஹெர்ட்ஸ் அலைவரிசை, அவர் மேசையில் உருவான 12 முதல் 60 கிகா ஹெர்ட்ஸ் எல்லைக்குள் அடங்குகிறது. மின், மின்னணுப் பொறியாளர்களின் பன்னாட்டு அமைப்பு, அவரது மில்லிமீட்டர் அலைச் சோதனைகளைத் தொழில்நுட்ப வரலாற்றின் மைல்கல்லாக 2012-ல் அறிவித்தது.

விநாடியின் இலக்கணமும் மாறிவிட்டது. 1967 முதல், சீசியம் அணுவோடு தொடர்புடைய நுண்ணலை 919 கோடியே 26 லட்சத்து 31 ஆயிரத்து 770 முறை அதிர ஆகும் நேரமே ஒரு விநாடி. டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் இந்தியாவின் நேரத்தைப் பேணுவதும் இந்த அணுக் கடிகாரங்களைக் கொண்டுதான். அந்த அலையின் நீளம் ஏறத்தாழ 3.26 சென்டிமீட்டர், போஸ் உண்டாக்கிய 2.5 சென்டிமீட்டர் அலைக்கு மிக அருகில் இருப்பது. நேரத்தை அளக்க அதிர்வுகளை எண்ணினால் போதும் என்று தொட்டாற்சிணுங்கியின் அருகில் அமர்ந்து போஸ் கையாண்ட வழியிலேயே இன்று உலகின் கடிகாரங்கள் இயங்குகின்றன.